எம்டிபியா, ஏசிசிடிபியா, லிப்ரே ஆபீஸ் பேஸா: பாஸ்வர்ட் மறந்த அன்று எது காப்பாற்றும்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். வருஷத்துக்கு நாலைந்து பேராவது பென்டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு "தம்பி, இது தொறக்க மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். கோயில் சந்தா, மரண சகாய நிதி, கூட்டுறவுக் கடன் லிஸ்ட் என்று எல்லாமே ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீஸில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் புரோகிராம் பழகிய கிராணிமார் (குமாஸ்தாக்கள்) செய்து வைத்தவை.

எது வேகம், எது மலிவு என்று ஒப்பிடுகிறவர்கள் ஒப்பிடட்டும். இங்கே செயலாளர் வேலை கிடைத்து ஜொகூருக்குப் போய்விடுவார், பொருளாளர் காலமாகிவிடுவார், கம்ப்யூட்டர் மட்டும் கோயில் ஆபீஸில் தூசி படிந்து கிடக்கும். அதனால் பாஸ்வர்ட் தெரிந்த ஆள் இல்லாத நாளில் ஃபைல் என்ன செய்யும் என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் எம்டிபி, அதாவது ஆக்சஸ் 2003 வரைக்கும் இருந்த ஃபைல் வகை. பூட்டு பித்தளை, கதவு அட்டை. நீங்கள் போட்ட டேட்டாபேஸ் பாஸ்வர்ட் ஃபைலின் தலைப்பகுதியிலேயே லேசாக மறைத்து எழுதப்பட்டிருக்கும், உள்ளே இருக்கும் பெயரும் தொகையும் மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கும். இலவசமாகக் கிடைக்கிற குட்டி புரோகிராம் ஒன்று கண் இமைக்கும் நேரத்தில் பாஸ்வர்டைக் காட்டிவிடும். மறந்தவருக்கு அது வரம்தான், ஆனால் அந்த ஃபைலில் நானூறு குடும்பத்தின் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரும் இருக்கிறது என்றால் அதே வரம் பென்டிரைவைக் கண்டெடுத்தவனுக்கும் உண்டு.

எம்டிபியில் நிஜமாகவே மண்டையை உடைப்பது வேறொன்று. பெயர், பாஸ்வர்ட் இரண்டையும் கேட்கிற பழைய 'வொர்க்குரூப்' முறையில் யாருக்கு என்ன அனுமதி என்பது எம்டிடபிள்யூ என்ற தனி ஃபைலில் இருக்கும். கிராணி எம்டிபியை மட்டும் காப்பி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். திறந்தால் பாஸ்வர்ட் தப்பு என்று வராது, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றுதான் வரும், இவர்கள் பாஸ்வர்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பார்கள். பழைய மெஷினின் ஹார்ட் டிஸ்கில் அந்த எம்டிடபிள்யூவைத் தேடுங்கள். ஷார்ட்கட்டில் ஆக்சஸ் பெயருக்குப் பின் எம்டிபியின் இடத்தையும், '/டபிள்யூஆர்கேஜிஆர்பி' போட்டு எம்டிடபிள்யூ இருக்கும் இடத்தையும் கொடுத்துத் திறக்க வேண்டும் (அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்). இன்னொன்று, ஆக்சஸ் 97-இல் செய்த எம்டிபியை ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பிந்தியவையும் திறக்கவே திறக்காது. அது பாஸ்வர்ட் கோளாறு அல்ல, 2010-ஐயோ 2003-ஐயோ வைத்திருக்கிற யாராவது மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எம்டிபிக்குப் பதிலாக ஆக்சஸ் 2007-இல் வந்த ஃபைல் வகை ஏசிசிடிபி. இதில் பாஸ்வர்ட் போட்டால் ஃபைல் முழுக்கவே குறியாக்கம் ஆகிவிடும், 2010-இல் அதை இன்னும் பலமாக்கினார்கள். தொலைந்தால் தொலைந்ததுதான். ஒரு சங்கத்துக்காக இரண்டு நாள் ஊகித்துப் பார்த்தேன், பைக் நம்பர், மகள் பிறந்த தேதி, குலதெய்வத்தின் பெயர், ஒன்றும் நடக்கவில்லை. ரசீதுப் புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவந்து மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தார்கள்.

ஆனால் 'மறந்துவிட்டது' என்று வருகிற எல்லாமே மறந்தது அல்ல. ரிட்டயர்டு கிராணி ஐயா ஒருவர் புது லேப்டாப்புடன் வந்தார், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி, நான் தப்பா அடிக்கல" என்று சத்தியமே செய்தார். நோட்பேடில் அடித்துக் காட்டுங்கள் என்றேன். அம்மன் பெயர், அப்புறம் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு 2, அப்புறம் ஒரு வருஷம், நடுவில் 'அட்' குறி சுத்தமாக விழுந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பழைய கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி அதிலும் அதையே அடிக்க வைத்தேன், 'அட்' வரவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி வந்தது. அந்த விண்டோஸில் யாரோ பிரிட்டிஷ் கீபோர்டு அமைப்பை வைத்திருக்கிறார்கள், அதில் ஷிஃப்ட்டும் 2-உம் சேர்ந்தால் மேற்கோள் குறிதான். ஐயா வருஷக்கணக்காக நட்சத்திரப் புள்ளிகளைப் பார்த்தே அடித்ததால் தன் பாஸ்வர்டில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மேற்கோள் குறியைப் போட்டதும் திறந்துகொண்டது. கேப்ஸ் லாக், நம் லாக், தமிழ் கீபோர்டு ஆனில் இருப்பது எல்லாம் இதே ஜாதி.

பாஸ்வர்டை மாற்றப் போனால் 'எக்ஸ்குளூசிவ்' ஆக, அதாவது வேறு யாரும் திறக்காதபடி தனியாகத் திறந்தால்தான் விடும். ஃபைலை டபுள் கிளிக் பண்ணாமல் ஆக்சஸுக்குள் இருந்து 'ஓப்பன்' பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியில் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் மறுத்தால் பக்கத்தில் 'எல்ஏசிசிடிபி' என்ற ஃபைல் இருக்கிறதா பாருங்கள், பக்கத்து அறையில் யாரோ திறந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மாற்றிய மறுநாள் முன்பக்க ஃபைல் (ஃபார்ம்களை மட்டும் வைத்துக்கொண்டு டேபிள்களை இந்த ஃபைலிலிருந்து இணைத்துக்கொள்கிற தனி ஃபைல்) 'பாஸ்வர்ட் செல்லாது' என்று அழும், இணைத்த டேபிள்கள் பழைய பாஸ்வர்டையே நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். அந்த முன்பக்க ஃபைலுக்குள் பாஸ்வர்ட் படிக்கிற எழுத்திலேயே கிடக்கும், அதை எல்லோருக்கும் வாட்சப்பில் அனுப்பி வைக்காதீர்கள்.

பல கோயில் ஃபைல்களில் சாமி படத்தோடு வருகிற லாகின் பக்கம் ஆக்சஸின் பூட்டே கிடையாது, யாரோ செய்த வெறும் ஃபார்ம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஃபைலைத் திறந்தால், செய்தவர் அந்த வழியை அடைத்திருந்தால் ஒழிய, நேராக டேபிளுக்கே போய்விடலாம். பாஸ்வர்ட்கள் 'யூசர்' மாதிரி ஒரு டேபிளில் வரிசையாக இருக்கும்.

லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் வருகிற டேட்டாபேஸ் புரோகிராமான பேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசு வேண்டாம், மறக்கவும் வழியில்லை, ஏனென்றால் பூட்டே இல்லை. அதே தொகுப்பின் ரைட்டரிலும் கால்க்கிலும் சேவ் பண்ணும்போது பாஸ்வர்ட் போடலாம், பேஸ் சேவ் பண்ணுகிற ஓடிபி (.odb) வகை ஃபைலுக்கு அது கிடையாது. உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் யூசர் பெயர் எஸ்ஏ, பாஸ்வர்ட் காலி. ஓடிபி வெறும் ஜிப் ஃபைல்தான், பெயரை மாற்றிப் பிரித்தால் பிரியும். பாதுகாப்பு வேண்டுமென்றால் பிட்லாக்கர் மாதிரி டிஸ்கையே பூட்ட வேண்டும், அப்போது 48 இலக்க மீட்புச் சாவியை யார் வைத்திருப்பது என்று சண்டை தொடங்கும்.

என்னைக் கேட்டால் ஏசிசிடிபிதான், ஐ.சி. நம்பர் இருக்கிற எதற்கும் வேறு பேச்சே இல்லை. திருவிழா உபயக்காரர் பட்டியல் மட்டும் என்றால் பேஸ் போதும், எப்படியும் அதை போர்டில் ஒட்டத்தான் போகிறீர்கள். புதிதாக எம்டிபி தொடங்குவதற்கு இனி காரணமே இல்லை. ஏசிசிடிபி எடுத்தால் பாஸ்வர்டைக் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, நகை வைக்கிற பெட்டியில் தலைவர் முன்னிலையில் வைத்துவிடுங்கள். கிராணி ஐயா அப்படித்தான் செய்தார், புதிய பாஸ்வர்டில் வெறும் எழுத்தும் எண்ணும் மட்டும்தான்.