சீனத் தோட்டத்துக்கு டிக்கெட்டாம்! 300 வெள்ளி போன கதை

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள், சுற்றிக்காட்ட லீவு இல்லை, பேசாமல் ஒரு பேக்கேஜ் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

மே மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இரண்டு பேரோடு வந்திருந்தார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்கப் பகல் ஷிப்ட். நம் ஆட்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது: வீட்டு புளோக்கிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன், நான்கு இடம், எல்லா நுழைவுச்சீட்டும் உள்ளடக்கம், மதியம் சைவச் சாப்பாடு, பெரியவர்களுக்கு 85 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிள்ளைகளுக்கு 65. தமிழில் பேசும் வழிகாட்டி என்றதும் அக்காவுக்கும் வசதியாக இருக்கும் என்று 300 வெள்ளியை அன்றே பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றத்தில் அனுப்பிவிட்டேன். அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதைப் பார்த்தேன், பார்த்தும் பட்டனை அழுத்தினேன்.

அதைவிடப் பெரிய கூத்து, விளம்பரத்தில் பறவைப் பூங்கா என்று போட்டிருந்த படம். அந்த உயரமான அருவிப் படம், பழைய ஜூரோங் பறவைப் பூங்காவினுடையது. அதை 2023 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள், அதே வருடம் மே மாதம் மண்டாயில் பேர்ட் பேரடைஸ் என்ற புதிய பறவைப் பூங்கா திறந்தாயிற்று. ஜூரோங் வெஸ்ட்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் எனக்கு இது தெரியாதா என்ன? பழைய படத்தை மாற்ற மறந்திருப்பார்கள் என்று நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரி, அன்றைக்கு நடந்தது இதுதான். ஒன்பது மணிக்கு வரவேண்டிய வேன் பத்தேகாலுக்கு வந்தது. ஓட்டுநரே வழிகாட்டியாம், கழுத்தில் உரிம அட்டை எதுவும் கிடையாது. சீனத் தோட்டத்தில் இருபது நிமிடம், பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவில் அரை மணி நேரம், அதுவும் வாசலில் இறக்கிவிட்டு "நீங்களே பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேனிலேயே இருந்துவிட்டார். சாப்பாடு ஆளுக்கு ஒரு பொட்டலம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் மண்டாய். முந்தைய இரவு எனக்கு அனுப்பியிருந்த கியூஆர் சீட்டை அக்கா வாசலில் நீட்டியிருக்கிறாள். இயந்திரம் ஏற்கவில்லை. அங்கிருந்த ஊழியர் பார்த்துவிட்டு, இந்தச் சீட்டில் காலையிலேயே வேறு ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரே சீட்டை எத்தனை குடும்பத்துக்கு விற்றார்களோ. ஓட்டுநரைக் கேட்டால் "நான் வண்டி மட்டும்தாண்ணே ஓட்டுறேன்" என்றாராம், காலையில் வழிகாட்டி என்று சொன்ன அதே ஆள். அக்கா எனக்குப் போன் போட்டு, "தம்பி, சின்னவன் கிளியைப் பாக்கணும்னு அழுவுறான், என்னடா பண்றது?" என்று கேட்டபோது நான் வேலையில் இருந்தேன், போனைச் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. மறுபடி காசு கொடுத்து வாங்க அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோரும் பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலம் காட்டுவதாகச் சொன்ன, கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சியும் அதோடு போயிற்று.

இரவு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அப்போதுதான் உண்மையான வேடிக்கை. மற்ற இடங்களின் சீட்டைப் பயன்படுத்திவிட்டீர்கள், அதற்குப் பணம் திரும்பாது என்று ஒரு கணக்கு அனுப்பினார்கள்: சீனத் தோட்டம் தலைக்கு 6 வெள்ளி, பூமலை 5, சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி 8. நான்கு பேருக்கு 76 வெள்ளி. போகாத சூப்பர்ட்ரீயும் அந்தக் கணக்கில் இருந்தது!

இந்த மூன்றில் ஒன்றுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. 2024 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்த சீனத் தோட்டம், ஜப்பானியத் தோட்டம் இரண்டும் இலவசம். பூமலையில் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் காசு. சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சியைக் கீழே நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மேலே இருக்கும் நடைபாலத்துக்கும் கண்ணாடிக் கூடங்களுக்கும்தான் சீட்டு. மெர்லயன் பூங்காவுக்குக் கூடச் சீட்டு இருக்கிறது என்று ஊரிலிருந்து வருபவர்களிடம் சொன்னால் நம்பிவிடுவார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இலவசத்துக்கு எதற்குக் காசு என்று கேட்டேன். "சர்வீஸ் சார்ஜ்" என்றார்கள். 50 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள், அதற்கும் நான் விடாமல் கேட்கவே என்னை பிளாக் செய்துவிட்டார்கள். பயணத்துறைக் கழகத்தின் உரிமப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடினேன், இல்லை. பணம் அனுப்புவதற்கு முன் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் எதிராளியின் முகவரி வேண்டும், என்னிடம் இருப்பது ஒரு போன் நம்பர். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799க்கு அடித்துக் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டது என் தப்பு.

அடுத்த ஓய்வு நாளில் நானே பிள்ளைகளை லேக்சைடு எம்ஆர்டியில் இறக்கி, ஜூரோங் லேக் கார்டன்ஸுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். குளூசியா கோவ் தண்ணீரில் மணிக்கணக்கில் ஆட்டம், மாற்றுத்துணி எடுத்துப் போகாததற்கு அக்காவிடம் திட்டு. செலவு போக்குவரத்துக்கும் மைலோவுக்கும்தான். கிளி மட்டும் பாக்கி, மண்டாய் இணையத்தளத்திலேயே சீட்டு வாங்கி அதையும் முடித்தோம்.

நேற்று அதே வாட்ஸ்அப் குழுவில் வேறு பெயரில், வேறு நம்பரில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. படம் மட்டும் அதே அருவி.