மைஃப்ரீவியூவைக் கணினியில் பதிவு செய்ய: வின்டிவி டூயல்எச்டி டியூனர் வாங்கலாமா?

சந்தா டிவியான ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் சேனல்களைப் பதிவு செய்து வைக்கலாம் என்று டியூனர் (ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குத் தரும் கருவி) தேடுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது நடக்காது. ஆஸ்ட்ரோவின் ஒளிபரப்பு பூட்டப்பட்டது. அதைத் திறப்பது அவர்களுடைய பெட்டி மட்டுமே. அந்தப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே வெளிவரும் படத்துக்கும் நகல் தடுப்பு உண்டு. வீட்டுக் கணினியில் தொல்லையில்லாமல் பதிவாவது மலேசியாவின் இலவச டிஜிட்டல் ஒளிபரப்பான மைஃப்ரீவியூதான். டிவி2-இல் வரும் தமிழ்ச் செய்தி, தமிழ்ப் படங்கள், பெர்னாமாவின் தமிழ்ச் செய்தி, மின்னல் எஃப்எம் வானொலி ஆகியவற்றை நேரம் தவறினாலும் விடாமல் பார்க்க, கேட்க வேண்டும் என்கிற வீட்டுக்கு, மாதச் சந்தா எதுவும் இல்லாத இந்த ஏற்பாடு மிக நன்றாக உழைக்கும்.

இதில் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுவதே வழக்கமாகிவிட்டது. பெரிய பிராசஸர், கிராபிக்ஸ் அட்டை எல்லாம் வாங்கிவிட்டு, டியூனருக்கு மலிவான யுஎஸ்பி குச்சி, ஆண்டெனாவுக்கு ஜன்னலோரம் ஒட்டும் தாள். பதிவின் தரத்தை முடிவு செய்வது கடைசி இரண்டும்தான்.

முதலில் டியூனர். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபருடன் முழுமையாக நின்றது. இப்போது வருவது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்புத் தரம். இணையக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யு சிப் போட்ட குச்சிகள் அதற்கு முந்திய டிவிபி-டி தரத்தை மட்டுமே பிடிக்கும். விளம்பரத்தில் "டிஜிட்டல் டிவி" என்றுதான் போட்டிருக்கும். கோலாலம்பூரில் செருகி ஸ்கேன் செய்தால் ஒரு சேனல்கூட வராது. குச்சி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பழுதில்லை, தரமே வேறு.

ஹாபாக் நிறுவனத்தின் வின்டிவி டூயல்எச்டி யுஎஸ்பி 2.0-இல் இயங்கும் இரட்டை டியூனர். ஆண்டெனா துளை ஒன்றுதான்; உள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. வெளியே ஸ்பிளிட்டர் போட்டால் ஏறக்குறைய 3.5 டெசிபல் சிக்னல் போய்விடும் என்பதால் இது பெரிய வசதி. வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள்: 01590 நமக்குரியது. 01595 அமெரிக்க ஏடிஎஸ்சி தரத்துக்கானது, இங்கே அது வெறும் பிளாஸ்டிக். பெட்டியின் படம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருப்பதால், வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்கள் எண்ணைக் கேட்டு உறுதி செய்த பிறகே காசு கட்ட வேண்டும்.

இரண்டு டியூனர் போதுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். தாராளமாகப் போதும். டிஜிட்டலில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கட்டாக வருகின்றன; ஒரு டியூனர் அந்தக் கட்டு முழுவதையும் பிடித்துவிடும். டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள் ஒரே கட்டிலுள்ள மூன்று நான்கு சேனல்களை ஒரே டியூனரில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். நான்கு டியூனர் அட்டைக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. தொடர்ந்து ஓடினால் நன்றாகச் சுடும். ஏர்கான் இல்லாத ஹாலில், டிவி அலமாரிக்குள் மூடி வைத்தால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படம் கட்டம் கட்டமாக உடையலாம். உடல் பருமனாக இருப்பதால் பக்கத்துத் துளையை மறைக்கிறது. விறைப்பான ஆர்ஜி6 ஆண்டெனா கேபிளை நேரே செருகினால் அதன் எடை யுஎஸ்பி துளையைத் தளர்த்தும். மூன்றுக்கும் ஒரே மருந்து: அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டியூனரை அலமாரிக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில் விட்டுவிடுவது. கூட வரும் ரிமோட் சுமார்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கீபோர்டு வாங்குவதே மேல். ஆனால் அதன் சின்ன ரிசீவரை யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகக்கூடாது. அந்தத் துளையிலிருந்து கசியும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழுவதால் கீபோர்டு எழுத்துகளை விழுங்கும்.

இனி ஆண்டெனா. தாமானில் தரைவீடு என்றால் கூரைமேல் யூஎச்எஃப் யாகி ஆண்டெனா (ஒரே தண்டில் வரிசையாகக் குச்சிகள் உள்ளது) போடுங்கள். சிங்க் கூரைக்கு அடியில் வைப்பதும் இரும்புப் பெட்டிக்குள் வைப்பதும் ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்புவது, குச்சிகள் கிடையாகவா செங்குத்தாகவா என்பதற்குப் பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பார்ப்பதே விரைவான வழி. மைஃப்ரீவியூ இணையதளத்தின் கவரேஜ் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோலாலம்பூர் நகருக்குள் 421 மீட்டர் உயரமுள்ள கேஎல் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பவர்கள் பூஸ்டர் வாங்கவே கூடாது. ஏற்கெனவே பலமான சிக்னலைப் பூஸ்டர் மேலும் பெருக்கினால் டியூனர் திணறி, "சிக்னல் 100 சதவீதம், படம் இல்லை" என்ற குழப்பமான நிலை வரும். பூஸ்டர் தேவைப்படுவது தொலைவில் இருப்பவர்களுக்கும் கேபிள் நீளமானவர்களுக்கும்தான். ஆர்ஜி6-இல் 20 மீட்டருக்கு ஏறக்குறைய 3 டெசிபல் போகும். பூஸ்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் கம்பத்தில், ஆண்டெனாவுக்கு அருகில் மாட்டுங்கள். டிவிக்குப் பின்னால் மாட்டினால் கேபிள் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

பினாங்கில் கதை வேறு. ஜார்ஜ்டவுன் பக்கம் எளிது. தீவின் நடுவே மலை நிற்பதால், அதற்குப் பின்னால் இருக்கும் பாலேக் பூலாவ் பகுதியில் நான்கு வீடு தள்ளினாலே சிக்னல் மாறும். அங்கே கம்பத்தின் உயரம்தான் எல்லாம்; ஆண்டெனாவைக் கையில் பிடித்துச் சோதித்த பிறகே துளை போடுங்கள்.

கொண்டோவிலும் ஃபிளாட்டிலும் பொது ஆண்டெனா இணைப்பு சுவரில் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அனலாக் காலத்தில் போட்டதை டிஜிட்டலுக்கு மாற்றினார்களா என்று மேனேஜ்மெண்ட் அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றவில்லையென்றால் பால்கனியில், இரும்பு கிரில்லுக்கு வெளியே சின்ன யாகி. இருண்ட பூச்சுள்ள கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பாதிக்கு மேல் போய்விடும். அருகில் கைப்பேசிக் கோபுரம் இருந்து படம் அடிக்கடி உடைந்தால், 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும் வடிகட்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டிவி காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இப்போது 5ஜி ஓடுகிறது.

கேபிள், அதன் முனையில் மாட்டும் எஃப் கனெக்டர், வடிகட்டி போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் புடுவிலுள்ள ஜாலான் பசார் கடைகளை மிஞ்ச ஆளில்லை. ஆர்ஜி6-ஐ மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அழுத்திப் பொருத்தும் கனெக்டரையே கேளுங்கள். கையால் திருகுவது நம் ஈரக் காற்றில் பச்சை பிடித்து, ஓராண்டுக்குள் சிக்னலைத் தின்னும். எஃப் வகையிலிருந்து டியூனரின் துளைக்கு மாற்றும் சின்ன இணைப்பானையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் வீடு திரும்பினால் அன்றைய வேலை நின்றுபோகும். கணினிப் பாகங்களுக்கு லோயாட் பிளாசா. டிவி டியூனர் அங்கே தேடி அலைய வேண்டிய பொருள், அதை இணையத்தில் வாங்குவதே நல்லது. லோயாட்டில் கேட்க வேண்டியது உத்தரவாதம் கடையுடையதா, உள்ளூர் விநியோகஸ்தருடையதா என்பது. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கணினியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இன்டெல் என்100 சிப் உள்ள சின்னக் கணினி, 8 ஜிபி நினைவகம், 1 டிபி எஸ்எஸ்டி. பதிவு என்பது வந்ததை அப்படியே வட்டில் எழுதுவது. அதற்குப் பிராசஸர் வியர்க்காது. பழைய அலுவலகக் கணினி கிடைத்தாலும் சரி, ஆனால் ஏழாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே போக வேண்டாம். அதற்கு முந்தியவை 10-பிட் எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் உள்ள படங்களில் தடுமாறும். நெட்ஃபிளிக்ஸை லினக்ஸில் ஓடும் கோடி (Kodi) என்ற பிளேயரில் உயர்தரத்தில் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, அதற்கு டிவியின் சொந்த ஆப்பையே பயன்படுத்துங்கள்.

வட்டுக் கணக்கு இப்படி. விநாடிக்கு 6 மெகாபிட் ஓடும் சேனல் மணிக்கு 2.7 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் 8.1 ஜிபி. 1 டிபியில் ஏறக்குறைய 370 மணி நேரம். தினமும் நான்கு மணி நேரம் எழுதினாலும் ஆண்டுக்கு 4 டிபிதான், எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தேய்ப்பது, ஓடும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர உதவும் டைம்ஷிஃப்ட். அதை எப்போதும் ஓட விட்டால் நாளொன்றுக்கு 65 ஜிபி எழுதும். தேவைப்படும்போது மட்டும் என்ற தேர்வில் வையுங்கள். வெளி வட்டில் பதிவு செய்கிறவர்கள் அது எஃப்ஏடி32 வடிவில் இல்லை என்று பாருங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. படம் ஒன்றரை மணி நேரத்தில், சரியாகக் கதை சூடுபிடிக்கும் இடத்தில் நின்றுவிடும்.

மென்பொருளுக்கு லிப்ரஎலெக் என்ற சின்ன லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் பதிவுக்கு டிவிஹெட்எண்ட், பார்ப்பதற்குக் கோடி. விண்டோஸில் நெக்ஸ்ட்பிவிஆர் நல்லதுதான், ஆனால் நள்ளிரவுப் புதுப்பிப்பு கணினியை மறுதொடக்கம் செய்து பதிவைக் கொல்லும். லிப்ரஎலெக், டியூனரின் சிப்பை இயக்கும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேரைக் கூடவே கொண்டுவருகிறது. உபுண்டுவில் டியூனரின் எஸ்ஐ2168 சிப்புக்கான ஃபர்ம்வேர் கோப்பைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் டியூனர் பட்டியலில் தெரியும், ஆனால் எதையும் பிடிக்காது.

டிவிஹெட்எண்டில் நெட்வொர்க் உருவாக்கி, அலைவரிசைகளைக் கையால் சேர்ப்பதே உறுதியான வழி. நம் யூஎச்எஃப் 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஓடுகிறது: சேனல் 21 என்றால் 474 மெகாஹெர்ட்ஸ், அடுத்தது 482, இப்படியே 48-ஆம் சேனலின் 690 வரை. மொத்தம் 28 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒளிபரப்பு முறை டிவிபி-டி2 என்று மாற்றியிருக்க வேண்டும். தானாக டிவிபி-டி என்று விழுந்திருந்தால் ஸ்கேன் தோற்கும், ஆண்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டு கூரை ஏறுவீர்கள். பிடித்த அலைவரிசையில் சிக்னல்-இரைச்சல் அளவு 25 டெசிபலுக்கு மேல் நிலையாக நின்றால் நிம்மதி. 20-ஐ ஒட்டித் தள்ளாடினால் மழை நாளில் உடையும். நிகழ்ச்சி அட்டவணை காற்றிலேயே வருகிறது. கணினியின் நேர மண்டலம் கோலாலம்பூரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காட்டும் நேரங்களும், நேரம் குறித்து வைக்கும் பதிவுகளும் தவறிப்போகும். முன்னால் 5 நிமிடம், பின்னால் 15 நிமிடம் கூட்டிப் பதிவு செய்யுங்கள். படங்களுக்குப் பின்பக்கம் 30.

பலர் தவறவிடுவது 50 ஹெர்ட்ஸ். நம் ஒளிபரப்பு 50, கணினிகள் பெரும்பாலும் 60-இல் படம் அனுப்புகின்றன. செய்தியின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள்: விநாடிக்குச் சில தடவை விக்கல் எடுத்தால் இதுதான் காரணம். கோடியின் அமைப்புகளில், படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் தேர்வைப் போட்டு, டிஇன்டர்லேஸை (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் படக் கோடுகளைச் சேர்க்கும் வேலையை) வன்பொருளிடம் விட்டால் எழுத்து எண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகக் கட்டும் எவரும் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். விலையுயர்ந்த கணினிகூட மட்டமாகத் தெரிவதற்கு இது ஒன்றே போதும்.

கடைசியாக இடி. கூரை ஆண்டெனா போட்டால் கம்பத்துக்கு எர்த் கட்டாயம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் கோஆக்ஸ் அரெஸ்டர் ஒன்றைப் போட்டு, அதையும் எர்த்தில் இணையுங்கள். மாலை மழையில் மெயின் சுவிட்ச் டிரிப் ஆவது நம் ஊரில் சாதாரணம். கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழும்படி பயோஸில் அமைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவுச் செய்தி பதிவாகாது. 24 மணி நேரமும் ஓட விட்டாலும் 10 வாட் கணக்கில் மாதம் 7.2 யூனிட்தான் ஆகும். பெரும் இடி அடிக்கும்போது ஆண்டெனா கேபிளை டியூனரிலிருந்து உருவி வைப்பதற்கு மாற்று எந்தக் கருவியும் இல்லை. அதனால் அந்த இணைப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திராமல், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.