சென்னை – சான் பிரான்சிஸ்கோ பயணங்களும் ஒரு எவர்சில்வர் பாட்டிலும்

2017-இல் மகளின் பிரசவத்துக்காக முதல் தடவை சான் பிரான்சிஸ்கோ போனேன். சிங்கப்பூர் வரை 4 மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய 15 மணி நேரம். எனக்கு ஜன்னல் சீட். பக்கத்தில் இரண்டு பேர் அசந்து தூங்க, அவர்களை எழுப்பிப் பாத்ரூம் போகக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டேன். இறங்கும்போது மண்டையிடி, உதடெல்லாம் வெடிப்பு. மறுநாள் நீர்க்கடுப்பு. பேரனைத் தூக்கவேண்டியவள் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன்.

அதற்கப்புறம் ஆறு தடவை போய் வந்தாயிற்று. முதலில் மாற்றியது சீட்டைத்தான். நடைபாதை ஓரம் கிடைக்காவிட்டால் கூடுதல் பணம் கட்டியாவது வாங்கிவிடுவேன். எழுந்து போக வழி இருந்தால் தண்ணீர் தானாக உள்ளே போகும். காலும் அவ்வளவாக வீங்காது.

அடுத்தது பாட்டில். மகள் வாங்கிக் கொடுத்த ஸ்ட்ரா பாட்டிலை மேலே போனதும் திறந்தேன். தண்ணீர் பீய்ச்சியடித்துப் புடவை முழுக்க நனைந்தது. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி அளவுக்குக் குறைந்துவிடும். தரையில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, தண்ணீரை ஸ்ட்ரா வழியே தள்ளிவிடுகிறது. அன்றிலிருந்து திருகு மூடி போட்ட 750 மில்லி எவர்சில்வர் பாட்டில்தான். ஒரு இடத்தில் நசுங்கியிருக்கிறது, இன்றுவரை ஒழுகியதில்லை. செக்யூரிட்டியில் காலியாகக் காட்டிவிட்டு, உள்ளே போய் நிரப்பிக்கொள்வேன். தீர்ந்தால் பணிப்பெண்ணிடம் நீட்டினால் நிரப்பித் தருவார்கள். மடமடவென்று குடிப்பதில்லை, அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு.

ஒன்று சொல்லியாக வேண்டும். எவ்வளவு குடித்தாலும் மூக்கு வறட்சி தீராது. அந்த உயரத்து வெளிக்காற்றில் ஈரமே கிடையாது; அதைத்தான் உள்ளே விடுகிறார்கள். கேபின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நம் சென்னைக் காற்றில் ஊறிய மூக்கு என்ன செய்யும்? எனக்கு ரத்தப் பொட்டே வந்திருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்து அதற்குக் கைகண்ட மருந்தாக இருக்கிறது. உதட்டுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

கிளம்பும் நாளில் கிழங்கு, சுண்டல் வேண்டாம். வயிற்று வாயுவும் அந்தப் பாட்டில் காற்றைப் போலத்தான் விரியும். ஊறுகாயையும் நான் தொடுவதில்லை. இதய, சிறுநீரகத் தொந்தரவுக்காகத் தண்ணீர் அளவு வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் குடிக்க வேண்டாம்.

போன தடவை ஜன்னலோரம் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர். தண்ணீர் வந்தபோதெல்லாம் வேண்டாமென்றார். ஏனென்று கேட்டேன். "அடிக்கடி எந்திரிக்கணுமேம்மா" என்றார் மெதுவாக.

"நீங்க இங்க வந்து உக்காருங்கம்மா" என்று என் இடத்தைக் கொடுத்தேன். சாப்பாடு வருவதற்குள் இரண்டு டம்ளர் குடித்திருந்தார்.