எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ சொல்லும் ஃபாக்டரி

வெளிநாட்டு ஃபாக்டரி ஒன்றில் துணிப்பை தைக்கக் கொடுத்தேன். தையலைக் குறை சொல்ல மாட்டேன், பேச்சுதான் தலைவலி. மூன்று கேள்வி கேட்டு மெயில் போட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும், மற்ற இரண்டும் கிணற்றில் போட்ட கல். கைப்பிடி 60 செ.மீ. என்று எழுதியிருந்தேன், ‘ஓகே ஓகே’ என்றார்கள், வந்த சாம்பிளில் தையலுக்குள் போன துணியையும் சேர்த்துத்தான் 60, வெளியே தெரிவது 54. அவர்கள் ‘ஓகே’ என்றால் மெயில் கிடைத்தது என்று மட்டும்தான் அர்த்தம், அது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பிறகு படத்திலேயே அம்புக்குறி போட்டு அளவெழுதி, நிறத்துக்கு பான்டோன் எண்ணும் (எந்த ஊரிலும் அதே நிறத்தைக் குறிக்கும் எண்) கொடுத்தேன், சரியாக வந்தது. (முன்பணம் 30 சதவீதம் பற்றிய மெயிலுக்கு மட்டும் ஐந்தே நிமிடத்தில் பதில்!) மறுபடி கொடுப்பேன், ஆனால் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று என் மேசைக்கு வராமல் மொத்த ஆர்டரைத் தொடங்க விடமாட்டேன்.