6 வருடம், 2 பம்ப்: என் டீசல் பிக்கப் அனுபவம்

வண்டி வாங்கி 6 வருடம், ஓடியது 2,10,000 கி.மீ. இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ ஒரு குறையும் இல்லை. என்னைப் படுத்தி எடுத்தது, டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜினுக்குத் தள்ளும் ஹை பிரஷர் டீசல் பம்ப் ஒன்றுதான்.

95,000 கி.மீ.யில் ஆரம்பித்தது. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும் வண்டி, ஏழெட்டு விநாடி சுற்றிய பிறகே பிடித்தது. அப்புறம் லோடோடு மேடு ஏறும்போது இழுவை விட்டுப்போகும், செக் இன்ஜின் விளக்கு எரியும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும். அதை நம்பி மூன்று வாரம் ஓட்டினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் பம்பை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். நாலே மாதத்தில் ஐடிலிங்கில் இன்ஜின் தட்டத் தொடங்கியது, வெள்ளைப் புகை வேறு. இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார். வெயிலில் பிடித்தால் ஜரிகைத் தூள் மாதிரி மின்னியது. "அண்ணே, லைனைச் சுத்தம் பண்ணாம எத்தனை பம்ப் போட்டாலும் தின்னுடும்" என்றார். பழைய பம்ப் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள், அழுத்தம் ஏறிய டீசல் தேங்கும் ரெயில் குழாய், அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாம் பரவி, மீதி டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க் வரை போயிருந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, பம்ப், ரெயில், பைப், இன்ஜெக்டர் அத்தனையும் மாற்றிய பிறகுதான் வண்டி பழையபடி ஓடியது.

என் வண்டியில் இருக்கும் வகைப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே போகும் டீசலேதான் அதற்கு மசகு. ரெயிலில் 2,000 பார் வரை அழுத்தம் ஏற்றுகிற பம்பில், சுழலும் கேமுக்கும் அதன்மேல் உருளும் ரோலருக்கும் நடுவே நிற்பது மெல்லிய டீசல் படலம் மட்டுமே. டீசலில் கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பிலேயே அதன் இயல்பான வழவழப்பும் போய்விடுவதால், அதை ஈடுகட்டத் தனியாக மசகு சேர்க்கிறார்கள். தண்ணீரோ காற்றோ கலந்தால் அந்தப் படலம் அறுந்துவிடும். உலோகத்தோடு உலோகம் உரச ஆரம்பித்தால் பிறகு காப்பாற்ற வழியில்லை.

அதிலிருந்து ஃபில்டரை 40,000க்குப் பதில் 20,000 கி.மீ.யிலேயே மாற்றுகிறேன். கழற்றியதை வெட்டிப் பார்க்காமல் தூக்கி எறிவதில்லை. இரண்டு வாரத்துக்கொரு தரம் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்துவிட்டு, வடிவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. ஸ்டார்ட்டிங் கொஞ்சம் இழுத்தாலும் முதலில் டேங்கிலிருந்து டீசலை ஏற்றித் தரும் லிஃப்ட் பம்ப்பின் பிரஷரையும், டீசலை உறிஞ்சும் சக்ஷன் பைப்பில் ஏர் பிடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவேன். முதல் தடவை இவை இரண்டையும் யாரும் பார்க்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

இப்படியே ஒரு லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. போன மாதம் அதே வால்வை மறுபடி கழற்றித் துணியில் தட்டினோம். டீசல் ஈரம் மட்டும்தான் இருந்தது.