பழைய சான்ட்ரோவும் நம்பி விடக்கூடிய ஒரு பட்டறையும்: நீண்டகால அனுபவம்

பதினைந்து வயதைக் கடந்த ஒரு காரை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காரின் நிலைமை அன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான். என்னிடம் இருப்பது 2008-இல் பதிவான ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். 1086 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவான வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. பல ஆண்டுகளாக அதன் பராமரிப்பு முழுவதையும் சென்னை குரோம்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய தனியார் பட்டறையே கவனித்துவருகிறது. பட்டறையின் பெயரை இங்கே தரவில்லை. அதை நடத்தும் மெக்கானிக்கிடம் ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்கு வேலை இருக்கிறது. வேறு ஊரில் இருப்பவருக்கு அந்தப் பெயரைவிட, அத்தகைய ஒருவரை எப்படிக் கண்டுகொள்வது என்பதே பயன்படும்.

வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆன பிறகும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்கே நான் போய்க்கொண்டிருந்தேன். மேடு பள்ளங்களில் முன்பக்கம் தட்டும் சத்தம் வரத் தொடங்கியபோது, ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டீயரிங் ராக்கை முழுதாக மாற்ற வேண்டும் என்று அங்கே மதிப்பீடு கொடுத்தார்கள். அந்தத் தொகைக்கும் வண்டியின் அன்றைய விலைக்கும் பொருத்தமே இல்லை. நம்மிடம் பேசுபவர் ஒருவராகவும் வண்டியில் கை வைப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில், 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை. இப்போதைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, உதவிக்கு இருந்த பையனைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லி, ஒவ்வோர் இணைப்பின் மீதும் விரலை வைத்துப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற கையின் இணைப்பில் உள்ள புஷ்ஷின் ரப்பர் வெடித்திருந்தது. "நீங்களும் குனிஞ்சு பாருங்க சார்" என்று டார்ச் அடித்துக் காட்டினார். புஷ்ஷை மாற்றி வீல் அலைன்மென்ட் செய்ததோடு சத்தம் நின்றது. பழைய ராக் இன்றும் வண்டியில் நன்றாகவே வேலை செய்கிறது.

அவரைத் தேடிக் கண்டடைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நண்பர்களைக் கேட்பது எளிது; ஆனால் அவர்களில் பலருடைய கார்கள் புதியவை, அவற்றின் தேவை வேறு. சொந்த வண்டி ஒன்றை வைத்துப் பிழைக்கும் டாக்ஸி ஓட்டுநர்களின் சொல்லுக்கு அதைவிட மதிப்பு அதிகம், ஏனெனில் அவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் வருமானமும் நின்றுவிடும். எனக்கு அதிகம் உதவியது உதிரிபாகக் கடையின் கவுன்டர். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பல காலம் கடை வைத்திருப்பவர்களுக்கு, எந்தப் பட்டறை ஒரிஜினல் வாங்குகிறது, எது மலிவுச் சரக்கை வாங்கிப்போகிறது, யார் பில்லில் விலையை ஏற்றிப் போடச் சொல்கிறார் என்பதெல்லாம் தெரியும். 'யார் நல்லவர்' என்று கேட்டால் வியாபாரம் கருதிப் பொதுவாகத்தான் பேசுவார்கள். 'உங்கள் சொந்த வண்டியை யாரிடம் விடுகிறீர்கள்' என்று கேட்டால் பதில் நேராக வரும். நான் கேட்ட கடைக்காரர் சொன்ன பெயரையே, சிலிண்டர் ஹெட் தேய்த்துக் கொடுக்கும் ஒரு லேத் பட்டறையிலும் சொன்னார்கள். அளவு பார்க்காமல் எதையும் வாங்கிப்போகாத மனிதர் என்பது அங்கே அவருக்கு இருந்த பெயர்.

முதலில் பெரிய வேலை எதையும் கொடுக்காமல், ஆயில் மாற்றவும் முன் பிரேக் பேடுகளை மாற்றவும் மட்டும் வண்டியை விட்டேன். ஆயிலை மாற்றினார், பேடுகளைக் கழற்றிக் காட்டி, "இன்னும் பாதிக்கு மேல இருக்கு சார், அடுத்த ஆயில் சர்வீஸ் அப்ப பாத்துக்கலாம்" என்று மறுபடியும் மாட்டிவிட்டார். வாடிக்கையாளரே கேட்டு வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கழற்றிய ஆயில் ஃபில்டரை, நான் கேட்காமலேயே ஒரு கவரில் போட்டு டிக்கியில் வைத்திருந்தார். இன்றுவரை எந்தச் சாமானை மாற்றினாலும் பழையது என் கைக்கு வந்துவிடுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது ஏசியில்தான் என்பது என் கருத்து. ஒவ்வொரு கோடையிலும் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லி நிரப்பிப் பணம் வாங்குவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஏசிக்குள் சுற்றிவரும் ஆர்-134ஏ வாயு, பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றுவது. ஒரே ஆண்டில் குளிர்ச்சி போகும் அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள், கசிவை அடைக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதுதான். எங்கள் மெக்கானிக் ஏசி வேலையைத் தானே செய்வதில்லை. தனக்குத் தெரிந்த ஏசி கடைக்கு அனுப்பி, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவைச் சோதிக்காமல் கேஸ் நிரப்பக் கூடாது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கூலிங் காயிலில் ஓட்டை. டேஷ்போர்டை இறக்கி ஏற்றும் வேலை என்பதால் செலவு கணிசமாகவே ஆனது; ஆனால் அதற்குப் பிறகு கேஸ் நிரப்ப வேண்டிய தேவை வரவில்லை. தனக்குச் சரியாக வராத வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கும் குணத்தை நான் கைத்திறனுக்கு இணையாக மதிக்கிறேன்.

நேர்மை என்றால் செலவைக் குறைத்துச் சொல்வது என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியன்று. இதே மனிதர், இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில் என்னை விடவில்லை. வண்டி அப்போது குறையேதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வயதுக் கணக்கும் உண்டு, ரப்பர் நிழலில் நின்றாலும் இறுகும் என்று விளக்கி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் என்றார். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து, செலவு பல மடங்காகிவிடும். கழற்றிய பெல்ட்டை மடக்கிப் பார்த்தபோது பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சாமான் வாங்குவதில் அவர் கடைப்பிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தேவையானதைத் தாளில் எழுதிக் கொடுத்து, விரும்பினால் நானே வாங்கிவரலாம் என்கிறார். தானே வாங்கினால் கடை பில்லையும், பாகத்தின் எண்ணும் அதிகபட்ச விலையும் அச்சிட்ட பெட்டியையும் கொடுத்துவிடுகிறார். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மெஷின், பின்விளக்கு போன்றவற்றைச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையதாகவே வாங்கிக்கொள்ளச் சொல்வார். இந்த மாடலின் தயாரிப்பு 2014-உடன் நின்றுவிட்டதால் சில சாமான்கள் அங்கேதான் கிடைக்கின்றன. பிரேக், பேரிங், பெல்ட், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கிருந்து கொண்டுவந்தால் மாட்ட மாட்டார். லேபர் தொகையைத் தனியாகச் சொல்வார், அதில் நான் பேரம் பேசுவதில்லை. கூலியை நெருக்கினால் அந்தக் குறையைச் சாமானின் விலையில் ஈடுகட்ட வேண்டிய நிலைக்கு அவரை நாமே தள்ளுகிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழுது எங்கே என்று தேடுவதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டு, கடைசியில் ஒரு கிளிப்பை மட்டும் மாற்றினாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு முழுக் கூலி தர வேண்டும்.

தனியார் பட்டறைகளுக்கு இருக்கும் தடைகளையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியதாக, 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் சட்டப் போராட்டத்தில் இறங்கின. என் வண்டி போன்ற எளிய இன்ஜினுக்கு ஒரு சாதாரண ஸ்கேனரும் அனுபவமும் போதும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த புதிய கார்களை எடுத்துக்கொள்ள அவரே தயங்குகிறார், அந்தத் தயக்கத்தை வாடிக்கையாளரிடம் மறைப்பதுமில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைப்பது அரிது. மாலை என்றால் மறுநாள் மதியம் என்று கொள்ள வேண்டும். காப்பீட்டில் பணமில்லாச் சேவை இங்கே கிடையாது, எனவே விபத்து வேலைக்கு இது பொருந்தாது. செய்த வேலைக்குக் கணினிப் பதிவு எதுவும் இல்லாததால், தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான் ஆகியவற்றை நானே ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். 2023-இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்தபோது, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழுக்குக் காட்டுவதற்கு முன் அவர் அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து, கைபிரேக் கேபிளும் ஹெட்லைட் கோணமும் மட்டும்தான் பாக்கி என்று சொல்லிச் சரிசெய்தார். வண்டி ஒரே முறையில் தேறியது. புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்துவிட்டிருந்தது, பசுமை வரி தனி. அதையும் சேர்த்துப் பார்த்தாலும் புதிய காரின் மாதத் தவணைகளை விட ஆண்டுச் செலவு எனக்கு வெகுவாகக் குறைவாகவே இருக்கிறது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். என் வண்டி அதற்கென வடிவமைக்கப்பட்டதன்று என்பதால், ஒவ்வோர் ஆயில் சர்வீஸிலும் எரிபொருள் ஹோஸ்களை அழுத்திப் பார்க்கிறார். சென்ற முறை இன்ஜின் பக்கத்து ஹோஸ் இறுகத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி, அதையும் பெட்ரோல் பம்பின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக் கூட்டம் குறைந்ததும் வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார்.