சிங்கப்பூரில் கப்பல் ஏறும் நாள்: எம்ஆர்டியா, டாக்சியா?

லிட்டில் இந்தியாவில் தங்கி, மெரினா பே கப்பல் முனையத்தில் ஏறப்போகும் குடும்பத்துக்கு என் பதில்: ஊர் சுற்ற எம்ஆர்டி என்னும் நகர ரயில், கப்பல் ஏற டாக்சி.

எம்ஆர்டி மலிவு. 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் கட்டணமே இல்லை. வங்கி அட்டையையே தட்டி உள்ளே போகலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒன்றையே நாலு பேர் தட்ட முடியாது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும்.

பெட்டிகளோடு போவது வேறு கதை. தோபி காட்டில் ரயில் மாறி, சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மெரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். அங்கிருந்தும் முனையத்துக்கு நல்ல தூரம் நடை. மதிய வெயிலில் பாட்டி ஒரு கையைப் பிடிக்க, மறு கையில் பெட்டிச் சக்கரம் உருள, தூங்கிவிட்ட பிள்ளை தோளில். விடுமுறையை இப்படியா தொடங்குவது?

டாக்சி முனைய வாசலிலேயே இறக்கிவிடும். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான். பாட்டி தாத்தாவும் வந்தால் ஆறு பேர் வண்டியாகக் கேளுங்கள். இன்னொன்று: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு, செயலியில் அழைக்கும் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் கைக்குழந்தை என்றால் இருக்கையுள்ள வண்டியையே நான் கேட்பேன்.